இடப்பக்கம் நின்றவன்

பொள்ளாச்சியில் வால்பாறை வண்டிக்குள் ஏறி, இடப்பக்க ஜன்னலோரம் ஒன்றுகூடக் காலியில்லை என்று கண்டதும், இறங்கி அடுத்த வண்டியில் போய்க்கொள்ளலாமா என்று ஹெப்சிபாவுக்குத் தோன்றியது. இடப்பக்க ஜன்னல் என்றால் கூட உட்காருகிறவர் வலப்பக்கம் இருப்பார், அவர் கேட்பதெல்லாம் காதில் விழும், பதில் சொல்லலாம், மனுஷியாக இருக்கலாம். வலப்பக்க ஜன்னல் என்றால் பக்கத்து ஆள் அந்தக் காதின் பக்கம். பதினேழு வருடமாக அவள் எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் பார்ப்பது எந்த மூலையில் உட்கார்ந்தால் எல்லாரும் தனக்கு வலப்பக்கம் வருவார்கள் என்பதைத்தான். இதை ஒரு கலையாகவே பழகியிருந்தாள், இதுவரை ஒருவருக்கும் தெரியாது, அம்மா சாகும்வரை அம்மாவுக்கே தெரியாது. கண்டக்டர் பின்னாலிருந்து ஏதோ சொன்னார், "கிட்டாரை மேல வைக்க வேணாம்மா, வளைவுல விழும்" என்பதாக இருக்கும், சரி என்று தலையாட்டிவிட்டு மூன்றாவது வரிசையில் வலப்பக்க ஜன்னலோரம் போய் உட்கார்ந்து பெட்டியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டாள். பக்கத்தில் யாரும் வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கும்போதே பச்சைச் சேலையும் மேலே ஒரு ஆண்பிள்ளை ஸ்வெட்டரும் போட்ட ஒரு அம்மாள், மடியில் ஒரு பை, காலடியில் ஒரு பை என்று வந்து அமர்ந்தாள். அமர்ந்த வேகத்தில் அவள் வாய் அசையத் தொடங்கிவிட்டது. ஹெப்சிபா புன்னகைத்தாள். புன்னகையும் தலையாட்டலும் போதும், உலகத்தில் பாதிப் பேச்சுக்கு அதற்கு மேல் பதில் தேவைப்படுவதில்லை என்பது அவள் அனுபவம்.

மூன்று மணிக்கு. மூன்று மணிக்குத்தான், இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது, என்று வண்டி நகர்ந்ததும் நினைத்தாள். தயாபரன் அனுப்பிய செய்தி மனப்பாடம். ஞாயித்துக்கிழமை மூணு மணி, சமுதாயக் கூடம், தோட்டத்து ஆளுங்கதான் வருவாங்க, ஒரு அறுபது எழுபது பேர். ஒரே ஒரு பாட்டுக்கு நான் கூட வாசிக்கட்டுமா? வேணாம்னா வேணாம். நீ பாடு, நான் மைக் போடறேன். அதைப் படித்துவிட்டு நான்கு நாள் பதில் போடாமல் வைத்திருந்து, ஐந்தாம் நாள் 'வர்றேன்' என்று மட்டும் எழுதினாள். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. தயா அதைக் கவனித்திருப்பான், எதையும் கவனிக்காமல் விடுகிறவன் இல்லை அவன், பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவன் வீட்டுப் பின்கொட்டகையில் மூன்று பேரும் முதல் தடவை வாசித்த நாளிலேயே, "நீ மூச்சு எடுக்கறதுக்கு முன்னாடி தோள தூக்குற, அதப் பாத்துத்தான் நான் உள்ள வர்றேன்" என்றவன். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு. டிரம்ஸ் அன்சாரி, கிட்டார் தயா, பாட்டு அவள். வாசிக்க ஆரம்பித்ததும் கீழ் வீட்டு டீச்சரம்மா போய் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். அதனாலேயே குழுவுக்கு 'மெயின் சுவிட்ச்' என்று பேர் வைத்தார்கள். தமிழில் ராக் பாடினால் யார் கேட்பார்கள் என்று சிரித்த ஊர் அது. சென்னையே குடத்தோடு தெருவில் நின்ற அந்த வறட்சி வருடத்தில், தண்ணி வராத குழாயடியில் நின்றபடி அவள் முணுமுணுத்த 'வருது வருது தண்ணி லாரி, வழிய விடு வழிய விடு' பாட்டாகி, கேசட்டாகி, ஆறே மாதத்தில் காலேஜ் காலேஜாக ஓடியது. பிளாஸ்டிக் குடங்களோடு வந்தார்கள் பிள்ளைகள். பச்சை, ஆரஞ்சு, ஊதாக் குடங்கள் தலைக்கு மேல் ஆட, அவற்றின் மேல் அவள் குரல் போய் விழும், குரல் முடிகிற இடத்தில் தயாவின் கிட்டார் எழுந்து அதே வரியை அழுதுகொண்டே சொல்லும். ஆட்டோக்களின் பின்பக்கத்தில் அவள் முகம் வந்தது. அம்மாவோடு மீன் வாங்கப் போனால் கூட்டம் கூடி, அம்மா பாதி மீனை விட்டுவிட்டு வந்தாள். கோலாலம்பூரில் பதினெட்டாயிரம் பேர். பதினெட்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் 'வழிய விடு' என்று கத்தினால் அது சத்தமாக இருக்காது, காற்றடிப்பது போல மார்பில் வந்து மோதும். அதை ஒரு தடவை வாங்கிய மார்பு லேசில் மறக்காது. மறந்துவிட்டதா? மறந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அம்மாள் அவள் கையைத் தட்டி எதையோ கேட்டாள். கண்கள் விரிந்திருந்தன, ஆமாம் என்று சொல்ல வேண்டிய கேள்வி. "ஆமாங்க" என்றாள். அந்த அம்மாள் திருப்தியாகி ஒரு கொய்யாப்பழத்தைக் கையில் வைத்தாள்.

ஆழியாற்றுச் செக்போஸ்ட்டில் வண்டி நின்று, அணைத் தண்ணீர் ஒரு தகடு போல மின்னி மறைந்து, முதல் வளைவின் பலகை வந்தது. நாற்பது வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள், எண்ணிக்கொண்டே போகலாம், எண்ணுவது நல்லது, காது போனபின் பாடிய அந்த இரண்டு வருடமும் மேடையில் அவளைக் காப்பாற்றியது எண்ணிக்கைதானே. கோலாலம்பூரில் மத்தியானம், கூட்டம் வருவதற்கு முன்னால், வெறும் நாற்காலிகளுக்கு முன் மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. அவள் குனிந்து ஷூ கயிறு கட்டினாள், அவ்வளவுதான், இடது காதுக்கு ஒரு சாண் தள்ளி இருந்த ஸ்பீக்கர் வீறிட்டது. ஒரு நொடி. எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அன்று பாடியும் விட்டாள். மறுநாள் ஓட்டல் தலையணையில் வலப்பக்கம் சாய்ந்து படுத்தபோது உலகமே இல்லாமல் போனது. காதுக்குள் ஒரு பிரஷர் குக்கர் தூரத்தில் எங்கேயோ ஊதிக்கொண்டே இருந்தது. கீழ்ப்பாக்கத்தில் ஒரு டாக்டர் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார், வலது காதுக்கோடு மேலே நேராகப் போனது, இடது காதுக்கோடு மலையிலிருந்து உருண்ட கல் மாதிரி விழுந்து கிடந்தது. நரம்பும்மா, அது திரும்ப வராது, மிஷின் வெச்சாலும் பெரிசா பிரயோஜனம் இருக்காது. அந்தக் காகிதத்தை நான்காக, எட்டாக, பதினாறாகக் கிழித்து, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தொட்டியில் போட்டுவிட்டு ஆட்டோ ஏறினாள். அந்த ஆட்டோவின் பின்னால் அவள் முகம் இருந்ததா என்று இப்போது ஞாபகமில்லை. இருந்தது என்று வேறு யாரிடமாவது சொன்னால் அழகாக இருக்கும், ஆனால் ஞாபகமில்லை. தயா எப்போதும் அவளுக்கு இடப்பக்கம் நிற்பான். குழு ஆரம்பித்ததிலிருந்து அப்படித்தான். மாற்றி நில் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும், காரணத்தைச் சொன்னால் காது போன பாட்டுக்காரி. அதனால் அவள் தலையை வலப்பக்கம் திருப்பி, நல்ல காதைப் பின்னால் அன்சாரியின் டிரம்ஸுக்குக் கொடுத்து, ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எண்ணி எண்ணி, தயாவின் கிட்டார் எங்கே முடியும் என்று கணக்குப் போட்டுப் பாடினாள். கணக்கில் அடங்குகிறவனா அவன். ஒருநாள் எட்டுச் சுற்று வாசிப்பான், ஒருநாள் மனம் நிறைந்தால் பன்னிரண்டு. அவன் நடுவில் இருக்கும்போதே அவள் உள்ளே விழுவாள், அவன் முடித்துவிட்டுக் காத்திருக்கும்போது அவள் எண்ணிக்கொண்டு நிற்பாள். திமிர் என்றார்கள். பேர் வந்ததும் தலையில் ஏறிவிட்டது, கூட வாசிக்கிறவனை மதிப்பதில்லை என்று ஒரு பத்திரிகையே எழுதியது. அவள் அதை வெட்டி வைத்துக்கொண்டாள். திமிர் என்பது எவ்வளவு நல்ல வார்த்தை, அதற்குள் ஒளிந்துகொள்ள எவ்வளவு இடம் இருக்கிறது.

அப்புறம் கோயம்புத்தூர். அங்கே வந்ததும் எப்போதும் நினைப்பு சிக்கிக்கொள்ளும், முள்ளில் மாட்டிய துணி மாதிரி முன்னாலும் போகாது பின்னாலும் வராது. கல்லூரி மைதானம், அரை சுருதி விலகி அவள் பாடிக்கொண்டிருக்கிறாள், விலகியது அவளுக்குத் தெரியவில்லை, முன்வரிசைப் பெண் ஒருத்தி முகம் சுளிப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாள், திரும்பினால் தயா கைகளைக் கிட்டாரிலிருந்து எடுத்துவிட்டு நிற்கிறான். வேனில் வைத்துக் கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. "என் வாசிப்பு புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடு ஹெப்சி. ஏன் ஒவ்வொரு பாட்டுக்கும் மூஞ்சியத் திருப்பிக்கிற?" அப்போது சொல்லியிருக்கலாம். ஐந்து வார்த்தைதான். வேன் ஒரு ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தது, அன்சாரி இறங்கித் தேநீர் வாங்கப் போயிருந்தான், இரண்டு பேர் மட்டும், அதைவிட நல்ல நேரம் ஒன்று மனிதருக்கு வாய்க்காது. அவள் சொன்னது, "எனக்கு யாரும் கூட வாசிக்கத் தேவையில்ல." எனக்கு யாரும். கூட வாசிக்க. தேவையில்ல. இந்த வாக்கியத்தை அவள் எத்தனை விதமாகவோ திருத்திப் பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தையை எடுத்தால், ஒரு வார்த்தையைச் சேர்த்தால், எனக்கு யாரும் கூட வாசிக்கறது கேக்கல, என்று கடைசியை மட்டும் மாற்றியிருந்தால். தேநீர் வந்தது, மூன்று பேரும் குடித்தார்கள், ரயில் போனது, கேட் திறந்தது, குழு முடிந்தது. அவன் சினிமாவுக்குப் போனான், மூன்று படம், இரண்டு வெளிவரவில்லை. அன்சாரி துபாய்க்குப் போய், வெள்ளிக்கிழமைகளில் பிரியாணி படம் அனுப்புகிறவனாக ஆனான்.

ஒன்பதாவது வளைவில் எல்லோரும் இறங்கிப் பார்க்கிற இடம், கார்கள் நின்றிருந்தன, கீழே அணை ஒரு கிண்ணம் போலக் கிடந்தது. பக்கத்து அம்மாள் இப்போது நீளமான கதை ஒன்றில் இருந்தாள், கைகள் ஒரு பானையை, ஒரு கதவை, ஒரு குள்ளமான ஆளைக் காற்றில் செய்து காட்டின. ஹெப்சிபா இடையிடையே "அடடா" என்றாள். குழு முடிந்தபின் இரண்டு வருடம் வீட்டை விட்டே வராமல் இருந்தவளைத் திருத்துறைப்பூண்டியில் ஒரு பள்ளிக்கூட டீச்சர், விடாமல் கடிதம் போட்டு, வரவழைத்தார். மைக் இல்லை, மேடை இல்லை, வேப்பமரத்தடியில் எண்பது பிள்ளைகள். ஒரு மரக் கிட்டாரை மார்போடு அணைத்துக்கொண்டு முதல் தந்தியை மீட்டியபோது சுருதி நெஞ்செலும்பு வழியாக ஏறித் தாடைக்கு வந்து தலைக்குள் நின்றது; காதே வேண்டாம் போலிருந்தது. ஓ, இது போதும், இப்படியே பாடிக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றி, அப்படியே பதின்மூன்று வருடம் போய்விட்டது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் பாடினாள், வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கேட்டார்கள். அருப்புக்கோட்டையில் நூற்பாலைப் பெண்கள் விடுதி, தூத்துக்குடியில் ஒரு புத்தகக் கடை மாடி, வேலூரில் பெண்கள் சிறை. முப்பது பேர், ஐம்பது பேர். ஒரு தோள்பை, இரண்டு செட் துணி, ஒரு பிளாஸ்க், மாற்றுத் தந்திகள். பாடி முடித்தால் யாராவது ஒரு வீட்டில் சாப்பாடு, பாயில் படுக்கை, காலையில் குளித்துவிட்டு அடுத்த பஸ். விழுந்துவிட்டாள் என்று பரிதாபப்படுகிறவர்கள் உண்டு. விழவில்லை, இறங்கி வந்திருக்கிறாள், படி படியாக, தானே கால் வைத்து. இங்கே பாட்டு கேட்கிறவர்களின் முகம் தெரிகிறது, எந்த வரியில் யார் கண்ணைத் தாழ்த்துகிறார் என்று தெரிகிறது. இதில் ஒரே ஒரு சௌகரியம் இருக்கிறது, அதை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை: தனியாகப் பாடினால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. எனக்கு யாரும் கூட வாசிக்கத் தேவையில்ல. பொய்யாகச் சொன்னதை உட்கார்ந்து உண்மையாக்கிக்கொண்டாள். இன்று மூன்று மணிக்கு அவன் வந்து இடப்பக்கம் நிற்பான்.

இருபதுக்கு மேல் எந்த வளைவு என்று தெரியவில்லை, பலகை ஒரு லாரிக்குப் பின்னால் போய்விட்டது, அப்போது வலது காது அடைத்தது. மலையேறினால் அடைக்கும், எல்லாருக்கும் அடைக்கும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும், என்று அறிவு சொல்லிக்கொண்டிருக்கும்போதே இஞ்சின் சத்தம் போர்வைக்குள் போனது, கண்டக்டரின் விசில் போனது, பஸ்ஸே போனது. வாய்கள் அசைந்தன. எச்சில் விழுங்கினாள். மறுபடி விழுங்கினாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினாள், ஒன்றும் நடக்கவில்லை, இடது காதின் அந்தப் பழைய குக்கர் மட்டும் தனியாக ஊதிக்கொண்டிருந்தது. போன மாதம் கரூரில் பாடும்போது ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, வலது காதில் இரைந்ததே, அதை அலட்சியம் செய்தாளே, அதுதான் இதுவா. இப்படித்தான் வருமா, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸில், மடியில் கொய்யாப்பழத்தோடு. இனி அம்மா குரலை எங்கே போய்த் தேடுவது, அது ஏற்கெனவே போய்விட்டது, பைத்தியம், அம்மா போய் ஏழு வருடம் ஆகிறது, ஆனால் தலைக்குள் இருக்கிற அம்மாவின் குரல், அது காதில்லாவிட்டாலும் இருக்குமா, மழைச் சத்தம், இட்லிக்கொப்பரை மூடியைத் தட்டுகிற சத்தம், தயா. தயா வாசித்து இன்னும் ஒரு தடவை கேட்காமல். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கே திடுக்கென்றது. இத்தனை பயத்தின் அடியில் கிடந்தது அதுதானா? அவன் கண்டுபிடித்துவிடுவான் என்பதில்லை, திருட்டு வெளிப்பட்டுவிடும் என்பதில்லை, கேட்க வேண்டும் என்பது. எவ்வளவு சின்ன ஆசை, இதை ஏன் இவ்வளவு சுற்றிக்கொண்டு வந்தாள். பெட்டியின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் பரப்பி வைத்துக்கொண்டாள், இஞ்சினின் நடுக்கம் மரத்தின் வழியாகக் கைக்கு வந்தது, அதைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள், ஒன்று இரண்டு மூன்று நான்கு, வாயை அகலத் திறந்து ஒரு பொய்க் கொட்டாவி விட்டாள், பொய்க் கொட்டாவி நடுவில் நிஜக் கொட்டாவியாக மாறியது, அட்டகட்டி வந்துகொண்டிருந்தது, அப்போது காதுக்குள் ஒரு சின்னக் குமிழி உடைந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே கொட்டியது. கியர் அரைகிற சத்தம், பின்சீட்டில் ஒரு கைக்குழந்தையின் அழுகை, யாருடைய செல்போனிலோ சாமிப்பாட்டு, ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடுவது. அவள் அழுதுகொண்டிருந்தாள். பக்கத்து அம்மாள் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள்.

பார்த்தவள் ஏதோ கேட்டாள், நெற்றி சுருங்கியிருந்தது, ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று இந்தத் தடவை முகத்தில் தெரியவில்லை. ஹெப்சிபா கண்ணைத் துடைத்துக்கொண்டு புன்னகைத்தாள். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் புன்னகை. அந்த அம்மாளின் முகம் கதவு சாத்துகிற மாதிரி மூடிக்கொண்டது, அதற்கப்புறம் பேசவில்லை. கவர்க்கல்லில் பனி வந்து ஜன்னலைத் தடவிவிட்டுப் போனது, தேயிலைச் சரிவுகள் தொடங்கின, ஒட்ட வெட்டிய தலைமுடி போலப் பச்சை, நடுநடுவே தகரக் கூரை. ரொட்டிக்கடையில் வண்டி நின்றதும் அந்த அம்மாள் பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எழுந்து நேருக்கு நேர் திரும்பியதால் அவள் சொன்னது முழுசாகக் கேட்டது. "கண்ணு கலங்குதேன்னு ரெண்டு தடவை கேட்டேன். வாயத் தொறந்தா முத்து உதிந்துருமாக்கும். பெரிய எடத்து ஆளு போல." சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தாள். இது ஒன்றும் புதிதல்ல, இதைவிட மோசமானதெல்லாம் வாங்கியிருக்கிறாள், திமிருக்குள் ஒதுங்கி உட்கார்ந்தால் எல்லாம் கடந்து போகும், இன்னும் இரண்டு நிமிடத்தில் வண்டி நகர்ந்துவிடும், இந்த அம்மாளை இனி ஜென்மத்துக்கும் பார்க்கப் போவதில்லை. அந்த ஸ்வெட்டர் முதுகு தூரப் போவதைப் பார்த்தாள். கையில் கொய்யாப்பழம் இன்னும் கடிக்காமல் இருந்தது. எழுந்து நின்றாள், நின்ற பிறகுதான் நிற்கிறோம் என்று தெரிந்தது, மூச்சை எடுத்தாள், தோள் உயர்ந்தது, பதினெட்டாயிரம் பேரின் தலைக்கு மேலாகப் போன அந்தக் குரல் ஐம்பது பேர் இருந்த பஸ்ஸுக்குள் வெளியே வந்தது.

"அக்கா! எனக்கு அந்தக் காது கேக்காது!"

டிரைவர் திரும்பிப் பார்த்தார். கைக்குழந்தை அழுகையை நிறுத்தியது. படியில் ஒரு கால் வைத்திருந்த அம்மாள் அப்படியே நின்றாள்.

"என்ன தாயி?"

"இடது காது. கேக்காது. நீங்க பேசினது எதுவும் எனக்குக் கேக்கல. தப்பா எடுத்துக்காதீங்க."

"அட கூறுகெட்டவளே, ஏறுனதும் சொல்றதுக்கென்ன?" அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "என் மருமக கதை பூராத்தையும் சொன்னேன். ஒண்ணுமே விழலையா?"

"ஒண்ணுமே விழல."

"போச்சு. அவ்வளவும் வீணாப் போச்சு." சிரிக்கத் தொடங்கினாள், வாசல் பக்கம் இருந்தவர்களும் சிரித்தார்கள். "நல்லதாப் போச்சு போ. கொஞ்சம் கூடுதலாத்தான் சொல்லிப்புட்டேன் அவளை. பழத்தைத் தின்னு, நம்ம வீட்டு மரத்துது." கண்டக்டர் விசிலடித்தார். வண்டி நகர்ந்தது.

உட்கார்ந்தாள். ஐந்து வார்த்தை. சொல்லியாகிவிட்டது, மேலே எதுவும் இடிந்து விழவில்லை, யாரும் பாவம் என்றுகூடச் சொல்லவில்லை, கூறுகெட்டவளே என்றார்கள். அது எவ்வளவு இதமாக இருந்தது. கொய்யாவைக் கடித்தாள். கல் போன்ற காய். முழுசாகத் தின்றாள்.

வால்பாறை பஸ் நிலையத்தில் தயாபரன் நின்றிருந்தான். தாடி வெளுத்திருந்தது, கழுத்தில் மப்ளர், மற்றபடி அதே நிற்பு, ஒரு தோள் கீழே, கிட்டார் மாட்டியே சாய்ந்துபோன தோள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவன் அவள் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு, பழக்கம் போல அவளுக்கு இடப்பக்கம் வந்து நடக்க ஆரம்பித்தான். நாலு அடி நடந்ததும் அவன் உதடு அசைவது தெரிந்தது.

"தயா, நில்லு."

நின்றான்.

"எனக்கு இந்தக் காது கேக்காது."

"மலையேறினா அடைக்கும். கொஞ்ச நேரத்துல தானா—"

"அடைப்பு இல்ல. கோலாலம்பூர்ல போயிருச்சு. நீங்கல்லாம் சிரிச்சீங்களே, அன்னிக்கி."

அவன் பெட்டியை மெதுவாகத் தரையில் வைத்தான். உள்ளே எதையோ கூட்டிக் கழிக்கிற முகம்.

"அப்ப கோயம்புத்தூர்ல?"

"நீ எங்க முடிக்கிறன்னே தெரியல. நல்ல காத டிரம்ஸ் பக்கம் திருப்பி வெச்சுக்கிட்டு எண்ணிட்டு நின்னேன்."

"மூஞ்சியத் திருப்பிக்கிட்டன்னு நெனச்சேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லல."

"காது போனவள்னு தெரிஞ்சா எல்லாரும் பாவம்பாங்க. நீயும் சொல்லுவ. அதுக்கு நீ என்னை வெறுத்தாலே பரவாயில்லன்னு இருந்துச்சு. சின்ன வயசு தயா. சின்ன புத்தி."

அவன் திரும்பி, நிலையத்தின் கைப்பிடிச் சுவர் வரை நடந்துபோய் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றான். கோபமாகத்தான் இருக்கும், இருக்கட்டும், அவன் பங்குக் கோபம் பதினைந்து வருடமாகப் பாக்கி கிடக்கிறது. பெட்டி பக்கத்தில் அவள் நின்றாள். ஒரு பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. அவன் திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

"இங்க வந்து ஆறு வருசம் ஆச்சு. மைக் செட்டு போடறேன், கோயிலுக்கு, சர்ச்சுக்கு, கல்யாணத்துக்கு. கிட்டார தொடறதில்ல. உனக்கே கேக்கப் புடிக்காத வாசிப்ப வேற யாருக்கு வாசிக்கறதுன்னு விட்டுட்டேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் கையைக் காட்டித் தடுத்தான்.

"அந்த ரெண்டு வருசம் நான் வாசிச்சது எதுவுமே உனக்கு..."

"மேடைப் பலகை அதிர்றது கால்ல தெரியும். அவ்வளவுதான்."

"நல்லா வாசிச்சேன் ஹெப்சி. அந்த ரெண்டு வருசந்தான் நான் நல்லா வாசிச்சது. நீ திரும்பிப் பாக்கணும்னே வாசிச்சேன்."

"எனக்குத் தெரியாமப் போச்சே," என்றாள் அவள். அவன் மூக்கை மப்ளரில் துடைத்துக்கொண்டு பெட்டியை எடுத்தான்.

சமுதாயக் கூடத்தில் இரண்டு பெண்கள் நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள், ஜன்னல் வழியாக வெயில் நீள நீளமாகச் சிமெண்டுத் தரையில் கிடந்தது. அவன் வீட்டுக்குப் போய் ஒரு பழைய துணியில் சுற்றியிருந்த எலக்ட்ரிக் கிட்டாரையும், ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரையும் கொண்டுவந்தான். தந்திகளில் இரண்டு துருப்பிடித்திருந்தன. அவள் பையிலிருந்த மாற்றுத் தந்திகளைக் கொடுத்தாள், அது வேற கிட்டாருக்குடி, இருந்தாலும் பரவாயில்ல, என்று முணுமுணுத்தபடி மாட்டினான். பிளக்கைச் செருகினான். ஒரு நாற்காலியை இழுத்து, சற்று யோசித்து, அவளைச் சுற்றிவந்து வலப்பக்கம் போட்டு, முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தான். விரல்களை நீட்டி மடக்கினான். பயந்திருந்தான் என்பது தெரிந்தது, அவளுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. மலேசியாவில்கூட அவன் பயந்து அவள் பார்த்ததில்லை.

"எந்தப் பாட்டுல ஆரம்பிக்கட்டும்?"

"கோலாலம்பூருக்கு அப்புறம் போட்டது எல்லாம்."

"அது பதினோரு பாட்டு இருக்கே."

சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு தாண்டிச் சில நிமிடம். நாற்காலி போட்டுக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"வரிசையாவே வா," என்றாள்.